மீன் ஐஸில் மிதந்த சொட்டு

சிதம்பரம் போகும் காலை பஸ்ஸில் என்னுடைய தெர்மோகோல் பெட்டியைக் கண்டாலே கண்டக்டருக்கு முகம் மாறிவிடும்.

"மீனா?"

"ஐஸ் மட்டும்தாண்ணே."

"வெறும் ஐஸுக்கு எதுக்குய்யா இந்த வாசனை? பின்னாடி போய் உக்காரு. உன் ஐஸும் உன் பக்கத்துலயே உக்காரட்டும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகிற வழியில், படகுக்காரர்களுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிற இடத்தில் வாங்கியது அது. இன்னும் மீனைத் தொடாத ஐஸ்தான். ஆனால் அந்த இடத்தில் காற்றே மீன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் போனது மீன் கடைக்கு இல்லை, மருந்துகளை அளந்து பார்க்கிற ஒரு ஆய்வுக்கூடத்துக்கு. அங்கே ஒரு சொட்டு எண்ணெயை உறைய வைக்க இந்த ஐஸ் தேவைப்பட்டது. ஒரு நாள் என் மச்சானின் ரத்தத்தில் இருந்த மருந்தும் அந்தச் சொட்டுக்குள் ஏறியது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். சொல்லி ஆகப் போவது ஒன்றும் இல்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நான் பத்தாவதைத் தாண்டாதவன். ஆய்வுக்கூடத்தில் என் வேலை கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஆளைத் தேடி ஓடுவது. படித்ததெல்லாம் காதால்தான். நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் எனக்குக் கால் நகராது. யார் என்ன சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்பது மனசில் அப்படியே தங்கிவிடும். பாடம் தங்காது, பேச்சு தங்கும். எனக்குப் பாடத்தையே பேச்சாகச் சொல்கிறவர்கள் அங்கே கிடைத்தார்கள், அது என் அதிர்ஷ்டம்.

நான் சேர்ந்த புதிதில் வேலையெல்லாம் பெரிய கண்ணாடிப் புனல்களில் நடந்தது. மருந்து கலந்த தண்ணீரோ, ரத்தத்திலிருந்து பிரித்த நீரோ, எதுவானாலும் புனலில் ஊற்றி, மேலே குளோரோஃபார்மையோ ஈதரையோ தாராளமாக ஊற்றி, கை வலிக்கக் குலுக்க வேண்டும். மருந்து தண்ணீரை விட்டு அந்தத் திராவகத்துக்கு மாறிவிடும். அதைப் பிரித்தெடுத்து, வற்றவைத்து, மெஷினுக்குக் கொடுப்பார்கள். மிச்சமெல்லாம் கேனுக்குப் போகும். கேன் நிறைந்தால் வேன் வந்து எடுத்துப் போகும். வேன் எங்கே போகிறது என்று கேட்டால், "போவுது" என்பார் டிரைவர். சாயங்காலம் திரும்பும்போது கடலூர் தொழிற்பேட்டைப் பக்கம் வந்ததும் பஸ்ஸில் எல்லாரும் ஜன்னலை இறக்குவார்கள். நான் மட்டும் இறக்க மாட்டேன். அந்த நாற்றத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவனுக்கு வெளி நாற்றம் என்ன செய்யும்?

வீட்டுக்கு வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவேன். என் மனைவி கேட்பாள்: "நீ வேலைக்குப் போய்ட்டு வர்றியா, இல்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வர்றியா?"

அப்போதுதான் புவனகிரியிலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனால் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அண்ணே என்பார். வந்த மாதமே புனல்களைப் பார்த்து, "இந்த அண்டா சமையல் எனக்கு வேணாம்ணே" என்றுவிட்டார். அவர் எடுத்துக்கொண்ட முறையில் ஒரே ஒரு சொட்டுதான். வாசனை கூட அதிகமில்லாத, எண்ணெய் மாதிரியான ஒரு திரவம். வெயில் நாளில் எண்ணெயாக ஓடும், ஐஸில் வைத்தால் மெழுகாகிவிடும். ஒரு சின்னக் குழாயில் நாலைந்து சொட்டு ரத்த நீரை எடுத்து, தண்ணீர் சேர்த்து, இந்த எண்ணெய்ச் சொட்டைக் கொஞ்சம் சாராயத்தோடு கலந்து ஊசியால் பீய்ச்சுவார். குழாய் முழுக்கக் கஞ்சித் தண்ணி மாதிரி வெளுத்துப் போகும். சொட்டு ஆயிரம் துளியாகச் சிதறி, போகிற வழியில் அகப்பட்ட மருந்தையெல்லாம் தனக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு குழாயைச் சுழற்றினால் துளிகளெல்லாம் ஒன்றுகூடி மேலே வந்து மிதக்கும். ஐஸில் நட்டு வைத்தால் உறைந்து வெள்ளை உருண்டையாகும். பாயசத்தில் மிதக்கிற ஜவ்வரிசி மாதிரி இருக்கும். அதைச் சின்னக் கரண்டியால் எடுத்து, உருகவிட்டு, மெஷினுக்குக் கொடுத்தால் மருந்து எவ்வளவு என்று தாளில் கோடு விழும்.

அவ்வளவுதான். கேன் இல்லை, வேன் இல்லை, தலைவலி இல்லை. "பூமிக்கும் நல்லது, உங்க மண்டைக்கும் நல்லதுண்ணே" என்பார்.

ஒரே தொல்லை கரண்ட். அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மெஷினுக்கு மட்டும் பேட்டரி வைத்திருந்தார்கள். ஃப்ரிட்ஜில் ஐஸ் நிற்காது. நான்தான் மீன் ஐஸ் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். சுழற்றுவதற்குப் பழைய அலமாரியில் கையால் சுற்றுகிற ஒன்று கிடந்தது, அதை எண்ணெய் போட்டு எடுத்தோம். அவர் குழாயைச் செருகுவார், நான் சுற்றுவேன். முதல் நாள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, ஐஸ்ல இறால் ஒண்ணு கெடக்குது. இதையும் அளந்து சொல்லவா?" என்றார். ஐஸை அதோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். இறாலை எடுத்துப் போட்டுவிட்டுக் குழாயை ஐஸில் நட்டார். வெளிப்பக்கம்தானே, உள்ளே போகப் போவதில்லையே.

இனி மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மனைவியின் தம்பி. தேவனாம்பட்டினத்தில் எங்களோடுதான் இருந்தான். ஃபைபர் படகில் அணியத்தில் நிற்பவன், அதாவது படகின் முன்மூக்கில். அலை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று அங்கே நிற்பவன் காலால் அறிய வேண்டும். கண்ணால் பார்த்து அறிவதற்குள் காரியம் முடிந்துவிடும். அவன் நிற்பதைப் பார்த்தால் படகுக்கு மூக்கு முளைத்த மாதிரி இருக்கும் என்று படகுக்காரரே சொல்வார். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அவன் தலையில் ஒரு மரம் மோதியது. பிழைத்துக்கொண்டான். எத்தனையோ பேருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை என்று சந்தோஷப்பட்டோம். சில மாதம் கழித்து வலிப்பு வந்தது.

வலிப்புக்காரனைக் கடலுக்கு யார் கூட்டிப் போவார்கள்? கடலூரில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். நல்ல டாக்டர், பொறுமையாகப் பேசுவார். குடிக்கக் கூடாது என்றார், மச்சான் அன்றோடு விட்டான். "இந்த மருந்து கொஞ்சம் கோவக்காரன் மாதிரி" என்றார். "குறைஞ்சா வேலை செய்யாது. ஜாஸ்தியானா ஆளையே கவுத்துடும். நடுவுல ஒரு அளவுதான் சரி. அந்த அளவு ரத்தத்துல நிலையா நின்னு, ஒரு வருஷம் வலிப்பு வராம இருந்தா, கடலுக்குப் போறதைப் பத்திப் பேசலாம்."

அந்தக் கடைசி வார்த்தையை மச்சான் பிடித்துக்கொண்டான். படகுக்காரரிடம் போய்ச் சொன்னான். அவர், "உன் எடம் உனக்குத்தான்டா. அதுவரைக்கும் யாரையாவது நிக்க வெச்சு ஓட்டுறேன்" என்றார். அதற்குப் பிறகு அவனுக்கு உலகத்தில் வேண்டியதெல்லாம் ரத்தத்தில் அந்த நடு அளவு ஒன்றுதான்.

அளப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நாங்கள் கேட்ட இடத்திலெல்லாம் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பணும் என்றார்கள். குழாய் நிறைய எடுத்து அனுப்பினால், பதில் வருவதற்குள் நாள் ஓடிவிடும். ஒரு தடவை, வழியில் கெட்டுப்போச்சு, மறுபடி அனுப்புங்க என்று வந்தது. நான் மேடத்திடம் சொன்னேன். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டிருந்ததும் வலிப்பு மருந்துதான். உண்மையான நோயாளியின் ரத்தம் அவருக்கும் தேவைப்பட்டது. டாக்டரும் ஒத்துக்கொண்டார், கையெழுத்தெல்லாம் முறையாக வாங்கினார்கள். மச்சானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம ஐஸ்லயே நம்ம ரத்தத்தைப் பார்க்கப் போறாங்களா மாமா?"

மேடம் போனில் அவனிடம் தெளிவாகத்தான் சொன்னார். "அன்னைக்குக் காலைல மட்டும் மாத்திரை போடாம வாங்க. ரத்தம் குடுத்துட்டுப் போட்டுக்கலாம். அப்போதான் சரியாத் தெரியும்." அவன் சரி மேடம், சரி மேடம் என்று தலையாட்டினான், போனில் தலையாட்டுவது தெரியாது என்பதை மறந்து.

மறுநாளிலிருந்து மீனை நிறுத்தினான். தீமிதிக்கு மாலை போட்டவன் மாதிரி காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். என் மனைவி, "என்னாடா, எந்தக் கோயிலுக்கு?" என்றாள். "சும்மா இருக்கா. ரத்தம் குடுக்கப் போறேன்" என்றான். வீட்டில் எல்லாரும் சிரித்தோம். ஆய்வுக்கூடத்தில் போய்ச் சொன்னேன், அங்கேயும் சிரித்தார்கள். "பாவம், எவ்ளோ பயபக்தி" என்றார் மேடம்.

ரத்தம் எடுத்தோம். ஐஸ் கொண்டு போனேன், கையால் சுற்றினேன். சொட்டு உறைந்து மிதந்தது. அதை எடுத்து மெஷினுக்குக் கொடுத்ததில் கோடு சின்னதாக விழுந்தது. மருந்து அளவு ரொம்பக் கம்மி.

டாக்டர் பார்த்தார். "அதான பார்த்தேன். பத்தல" என்று மாத்திரையைக் கூட்டினார். மச்சான் வாடவில்லை. "இப்போ தெரிஞ்சுபோச்சுல்ல மாமா, கூட்டிட்டா சரியாயிடும்" என்றான்.

கூட்டிய பிறகுதான் அவன் கால் மாறியது. முதலில் வாசற்படியில் தடுக்கினான். பிறகு சமதரையிலேயே தடுக்கினான். நடக்கும்போது காலை அகட்டி வைத்தான். ஒரு பொருளை எடுக்கக் கை நீட்டினால் கை அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. பேச்சு குழறியது. கண் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது. "எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது மாமா" என்றான் ஒரு நாள், சிரித்துக்கொண்டே.

கடற்கரையில் இப்படி ஒருத்தன் நடந்தால் ஊர் என்ன நினைக்கும்?

"என்னாடா மச்சான், காலையிலேயே கடை தொறந்துட்டானா?"

"தரையிலயே அலை அடிக்குதாடா உனக்கு?"

"டாக்டர் மாத்திரையை எதுல முழுங்கச் சொன்னாரு, குவார்ட்டர்லயா?"

கூடவே வலை இழுத்தவர்கள்தான். பகையாகச் சொல்லவில்லை, கேலியாகத்தான் சொன்னார்கள். அதனால் அவனால் கோபப்படவும் முடியவில்லை. "குடிக்கலடா, சத்தியமா குடிக்கல" என்பான். அந்தச் சத்தியமும் குழறித்தான் வெளியே வரும். அதைக் கேட்டு இன்னும் சிரிப்பார்கள்.

ஒரு மத்தியானம் அவன் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது என் மனைவி குனிந்து அவன் வாயருகே மோந்து பார்த்தாள். அவன் கை அப்படியே நின்றது.

"நீயுமாக்கா?"

அவள் உள்ளே போய்விட்டாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அவளும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

டாக்டருக்கும் சந்தேகம் வந்தது. மருந்து ஜாஸ்தியானாலும் இப்படித்தான் ஆகும், குடித்தாலும் இப்படித்தான் ஆகும். மறுபடி ரத்தத்தைப் பார்த்துவிடுவோம் என்றார். நாள் குறித்தார்கள். மச்சான் இந்தத் தடவை அதிக நாள் விரதம் இருந்தான். வாய்ப்பேச்சுகூடக் குறைந்தது. போன தடவை சரியாக இருக்கவில்லை, அதனால்தான் அளவு கோணலாக வந்தது என்று தனக்குள் முடிவு கட்டியிருந்தான் போல. ரத்தம் கொடுக்கிற அன்றைக்கு நெற்றி நிறைய விபூதி. வடலூர்ப் பக்கமிருந்து யாரோ கொடுத்தது என்றான். பஸ்ஸில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றான். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. நிற்க முடிகிறது என்று எனக்குக் காட்டினான்.

அன்றைக்கு மேடமே கரண்டியை என்னிடம் நீட்டி, "உங்க மச்சானோட சொட்டு, நீங்களே எடுங்கண்ணே" என்றார். எடுத்தேன். வெள்ளையாக, உருண்டையாக, கை வெப்பத்தில் ஓரம் உருகத் தொடங்கிய சொட்டு.

மெஷின் கோடு போட்டது. கணக்குப் பார்த்துவிட்டு மேடம் கையைத் தட்டினார். அளவு நடுவில் நின்றது. டாக்டர் சொன்ன அந்த நடுவில், கச்சிதமாக. நாங்கள் டீ வாங்கிக் குடித்தோம். நான் மச்சானுக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் அவன் அழுதான்.

அந்த நல்ல எண்தான் அவனைக் கவிழ்த்தது.

டாக்டர் தாளைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். நேராக நடக்கச் சொன்னார். அவனால் முடியவில்லை. மூக்கைத் தொடச் சொன்னார். விரல் கன்னத்துக்குப் போனது. அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் பேசினார்.

"மருந்து அளவு சரியா இருக்குது. அதனால இது மருந்தால வந்ததில்ல. ஒண்ணு, அந்த மண்டை அடியோட மிச்சம். அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது. இல்லன்னா…" கட்டை விரலைத் தூக்கி வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினார். "அதை நீங்க வூட்ல பாத்துக்கோங்க. மாத்திரை இதே அளவுல போவட்டும்."

மாத்திரை அதே அளவில் போனது. மாதக்கணக்கில் போனது.

இதுவரை என் மனைவிக்கு இருந்தது சந்தேகம். இப்போது டாக்டரே சொல்லிவிட்டார். அவன் வெளியே போனால் யாராவது பின்னால் போய்ப் பார்த்தோம். எந்தக் கடைக்கும் அவன் போகவில்லை. கரையில் இழுத்துப் போட்டிருக்கிற படகுகளைப் பிடித்துப் பிடித்து நடப்பான், திரும்பி வருவான். கால் பழகுகிறானாம். கடைசியில் படகுக்காரர் வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை.

"நான் உன்னைக் குடிகாரன்னு சொல்லல தம்பி. சொல்றவனையும் அதட்டிட்டுத்தான் வர்றேன். ஆனா நீ கால் வெச்ச எடத்துல உன் கால் நிக்கல. கடல்ல நீ வுழுந்தா உங்க அக்காவுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?"

"அளவு சரியாயிடுச்சுண்ணே. தாள்ல இருக்குது" என்றான் மச்சான். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, குழறாமல் சொல்லப் பார்த்தான்.

"தாள் நல்லாத்தான் இருக்குது" என்றார் அவர். அணியத்தில் வேறு ஆளை வைத்துவிட்டார்.

சிதம்பரத்தில் மேடத்தின் வேலை முடிகிற கட்டத்துக்கு வந்திருந்தது. கடைசியாக ஒரு சுற்று ரத்தம் பார்க்க வேண்டும். அந்த மெஷினுக்கு ஆள் ஆளாகக் காத்திருப்பார்கள். திடீரென்று ஒருத்தர் தன் முறை வேண்டாம் என்று விட்டுக்கொடுக்க, அது இவருக்குக் கிடைத்தது. கேட்டவுடனே கிளம்பிவிட்டார். என்னையும், கடலூரில் ரத்தம் எடுக்கிற லேப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் நேராக எங்கள் வீட்டுக்கே வந்தார். எனக்கே வழியில்தான் சொன்னார். மச்சானுக்குச் சொல்ல நேரமே இல்லை.

வாசலுக்கு எதிரே கவிழ்ந்து கிடந்த ஒரு படகின் நிழலில் அவன் உட்கார்ந்திருந்தான். மேடத்தைப் பார்த்ததும் எழப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தான். ஊசியைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"இன்னைக்கு வேணாம் மேடம்."

"ஏன்? சின்னதாத்தான் குத்துவாங்க. தெரியும்ல."

"ரத்தம் சுத்தமா இல்ல."

"மீன் சாப்டீங்களா? அதனால ஒண்ணும் ஆவாது."

"மீன் இல்ல மேடம். மாத்திரை போட்டுட்டேன்."

"காலைலயா?"

"காலைல போட்டேன். நேத்துப் போட்டேன். முந்தாநாளு… தெனமும் போட்டுட்டேன்." அவன் முகத்தில் அவமானம் இருந்தது. திருடி அகப்பட்டவன் மாதிரி இருந்தான். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நிறுத்தியிருப்பேனே. போன தடவை எவ்ளோ சுத்தமாக் குடுத்தேன்."

மேடம் அவன் முன்னால் மணலில் உட்கார்ந்தார். குரல் ரொம்ப மெதுவாக வந்தது. "போன தடவை எத்தனை நாள் நிறுத்தினீங்க?"

"மீனை நிறுத்துன அன்னைக்கே அதையும் நிறுத்திட்டேன் மேடம். நீங்கதான ஒரு வேளை போடாம வரச் சொன்னீங்க. ஒரு வேளைக்கே நல்லா தெரியும்னா, நாலஞ்சு நாளு வுட்டா இன்னும் நல்லா தெரியும்ல. வலிப்புகூட வரல. விரதம்தான் காப்பாத்துச்சு."

"அதுக்கு முந்துன தடவை?"

"அப்போ கம்மி நாளுதான் நிறுத்துனேன். அதான் அளவு சரியா வரல."

லேப் பெண் ஒன்றும் புரியாமல் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என் மனைவி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பாதி புரிந்தது. அவள் பார்வை தம்பியின் வாயில் நின்றது, அன்றைக்கு மோந்து பார்த்த அதே வாயில்.

மேடம் அவன் கையைத் தானே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இன்னைக்குத்தான் உங்க ரத்தம் சரியா இருக்குது. குடுங்க" என்றார்.

அவன் கொடுத்தான். அரைமனசாகத்தான்.

அன்று சிதம்பரத்தில் நான் சுற்றிய மாதிரி என்றைக்கும் சுற்றியதில்லை. ஐஸ் இருந்தது, குழாய் வெளுத்தது, சொட்டு மேலே வந்து உறைந்தது. மெஷின் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். கோடு ஏறியது. ஏறிக்கொண்டே போய்த் தாளின் மேல் விளிம்பைத் தொட்டு வெளியே போய்விட்டது. மேடம் ரத்த நீரைக் குறைத்து எடுத்து, மறுபடி சொட்டு உறைய வைத்துக் கொடுத்தார். கணக்குப் போட்டதில் அது ஆளைக் கவிழ்க்கிற அளவுதான்.

"நம்ம முறை தப்பே பண்ணலண்ணே" என்றார். "மூணு தடவையும் உள்ளதைத்தான் சொல்லியிருக்குது. மொத தடவை நிறுத்துனதால கம்மி, ரெண்டாவது தடவை ஜாஸ்தியா இருந்தது நாலஞ்சு நாள்ல இறங்கி நடுவுல நின்னிருக்குது." சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றாமலே முகத்தை மூடிக்கொண்டார்.

ஒரு சொட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அத்தனை நுணுக்கமாகப் பார்த்தோம். அந்த ரத்தத்தைக் கொடுத்தவனிடம் நீ மாத்திரை போட்டாயா என்று கேட்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மாத்திரை போடுகிறவன் போட்டுக்கொண்டுதானே இருப்பான். விரதம் இருக்கிறான் என்று தெரிந்து சிரித்தோம். விரதத்தில் எதையெல்லாம் விட்டான் என்று கேட்கவில்லை.

டாக்டர் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார். அவர் முகம் இருண்டுபோயிருந்தது. மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். சில வாரத்தில் கண் ஆடுவது நின்றது. பேச்சு ஓரளவு தெளிந்தது. நாங்கள் காலுக்காகக் காத்திருந்தோம். ஒவ்வொரு மாதமும் டாக்டர் நடக்கச் சொல்வார், அவன் நடப்பான், அவர் எழுதிக்கொள்வார். கடைசியில் நானாகக் கேட்டேன்.

"ரொம்ப நாள் ஜாஸ்தியா இருந்துடுச்சு" என்றார். "உடம்பை நிமித்திப் பிடிக்கிற மூளைப் பகுதி ஒண்ணு இருக்குது. அது சிலருக்கு மீண்டு வரும். சிலருக்கு வராது."

மச்சானுக்கு வரவில்லை.

மேடம் அவன் ரத்தத்தைத் தன் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றார். அளவுகள் சரியானவை, ஏன் எடுக்க வேண்டும் என்றார்கள் ஆய்வுக்கூடத்துப் பெரியவர்கள். அதுவும் உண்மைதான். ஒரு நாள் அவர் தன் ஆராய்ச்சியை எல்லார் முன்னாலும் படித்தார். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு பச்சை இலை, பக்கத்தில் ஒரு சொட்டு. எவ்வளவு திராவகம் மிச்சம், எவ்வளவு கழிவு குறைவு என்று எல்லாரும் பாராட்டினார்கள். ஒருவர் எழுந்து, ஒரே நோயாளியிடம் மூன்று தடவைக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டார்.

"நடுவில் மாத்திரையை நிறுத்தியிருந்தார்."

"ஏன்?"

"ரத்தம் சுத்தமா இருக்கணும்னு."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. எங்கள் வீட்டில் சிரித்தோமே, அதே சிரிப்புதான். மேடம் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் டீத் தட்டைப் பார்த்தேன். பட்டம் வாங்கியதும் அவர் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அங்கே யாரும் ஐஸ் கேட்கவில்லை. கண்டக்டர் சில நாள் விசாரித்தார். "என்னாய்யா, வாசனையே இல்லாம வர்ற?"

மச்சான் இப்போதும் வீட்டில்தான் இருக்கிறான். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை. போட்டதும் வாயைத் திறந்து அக்காவிடம் காட்டுவான். அவள் அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் காட்டும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சில சமயம் என்னிடம், "மாமா, இப்போ தெனமும் போடுறேன். மேடத்தை வரச் சொல்லு, ரத்தம் எடுக்கட்டும். இந்தத் தடவை சரியா வரும்" என்பான். அளப்பதற்கு இப்போது யாரும் இல்லை என்று எப்படிச் சொல்வது? "சொல்றேன்டா" என்பேன்.

போன வாரம் விடிந்த பிறகு கடலோரம் கூட்டிப் போகச் சொன்னான். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவன் பழைய படகைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். படகுக்காரர் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார், சட்டென்று இறக்கிக்கொண்டார். முதல் அலை மோதியதும் அணியத்தில் நின்றவன் குதித்து உள்ளே ஏறினான்.

"வலது காலை முன்னாடி வைக்கிறான் மாமா" என்றான் மச்சான். "அந்தப் படகுக்கு இடது காலு வைக்கணும்."

"போய்ச் சொல்லட்டுமா?"

"வேணாம். பழகிட்டிருப்பான்."

அலை திரும்பிப் போகும்போது எங்கள் காலடியில் மணல் இழுபட்டது. எனக்கு ஒன்றுமில்லை. அவன் சாய்ந்தான். நான் இடுப்பில் கைகொடுத்துப் பிடித்தேன். படகு மறைகிறவரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரை பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்குத் திரும்பினோம். மாத்திரை போடுகிற நேரமாகியிருந்தது.